எம்பி-10 ஒப்டிமஸ் பிரைம்: ஏழு வருடம் புரட்டிப் பார்த்தவனின் கணக்கு

கடற்கரை_லொறி (வெள்ளவத்தை)
சனி, இரவு 9.40

பெட்டியை உடைத்த அன்றே எழுதிய விமர்சனங்கள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. அன்றைக்கு யாருக்குமே எல்லாம் அழகாகத்தான் தெரியும். கடலிலிருந்து இருநூறு யார் தூரத்தில், ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும் வீட்டில், லொறியாகவும் ரோபோவாகவும் மாறும் இந்தப் பொம்மையை ஏழு வருடம் வைத்திருந்தால் அது என்ன ஆகிறது என்று யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 டிசம்பரில் அத்தான் யப்பானிலிருந்து வரும்போது கொண்டுவந்து தந்தது. தோக்கியோவில் நகானோ பக்கம் பழைய பொம்மைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன, அங்கே இரண்டாம் கையாக வாங்கினார். அதோடு வரும் கோடரி இல்லை, பெட்டியின் ஒரு மூலை நசிந்திருந்தது, அந்தக் குறையால்தான் எங்கள் பணத்துக்குள் வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, "உன்னிடமாவது ஒரு யப்பான் லொறி இருக்கிறதே" என்று அலுவலகத்தில் ஒரு வருடம் நக்கலடித்தார்கள்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1980இல் டகாரா நிறுவனம் யப்பானில் டயாகுளோன் என்று ஒரு பொம்மை வரிசை விட்டது. அதிலிருந்தும் அதற்கு முந்திய மைக்ரோமேன் வரிசையிலிருந்தும் உருமாறும் வாகனங்களை எடுத்து, 1984இல் அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ ட்ரான்ஸ்ஃபோர்மர்ஸ் என்று விற்றது. டயாகுளோனில் 'பற்றில் கொன்வோய்' என்று இருந்த சிவப்பு லொறிதான் அங்கே ஒப்டிமஸ் பிரைம் ஆனது. யப்பானில் அந்தப் பழைய கார்ட்டூன் பிரைமின் பெயர் இன்றும் கொன்வோய்தான். பல வருடம் கழித்து, கார்ட்டூனில் பார்த்த உருவத்தை அப்படியே கையில் தருவதற்கென்று மாஸ்டர்பீஸ் வரிசை வந்தது. அதன் முதல் பிரைம் ஓரடி உயரம், நிறைய உலோகம், தூக்கினால் மணிக்கட்டு நோகும். எம்பி-10 (எம்பி என்றால் மாஸ்டர்பீஸ்) என்பது 2011இல் புதிதாக வடிவமைத்த இரண்டாவது பிரைம். பெரும்பாலும் பிளாஸ்டிக். என்னுடையதை அடிக்கோலால் அளந்தேன், தலை உச்சிவரை ஏறத்தாழ 10 அங்குலம்.

சரி, சாமானுக்கு வருவோம்.

லொறியாக நிற்கும்போது இது லொறிதான். பல உருமாறும் பொம்மைகளைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ரோபோ படுத்துக் கிடப்பது தெரியும். இதில் கவிழ்த்தாலும் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். ரோபோவாக்கும்போது முன்பக்கக் கண்ணாடி இரண்டும் நெஞ்சாகின்றன, புகைக்குழாய்கள் தோளில் நிற்கின்றன. பின்சில்லுகள் கெண்டைக்காலுக்குப் போய்விடும். நெஞ்சைத் திறந்தால் உள்ளே விரல் நுனியளவு மேற்றிக்ஸ், கதையில் பிரைம் நெஞ்சில் சுமக்கும் சக்திப்பொருள். துப்பாக்கியை மடித்து முதுகுக்குள்ளேயே ஒளித்துவிடலாம். இந்த ஒரு வேலைப்பாட்டுக்காகவே வடிவமைத்தவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கலாம்.

தோள், தொடை மூட்டுகளை அசைத்தால் கடக் கடக் என்று பல்லில் விழும். விழுந்த இடத்தில் நிற்கும். ஒற்றைக் காலில் நிறுத்தி வைத்துவிட்டு வேலைக்குப் போய் வந்திருக்கிறேன். ஏழு வருடத்தில் பல்லு தேயவில்லை. குறைந்தது முந்நூறு முறையாவது மாற்றியிருப்பேன், பாதி தொலைபேசியில் கதைத்துக்கொண்டே.

ட்ரெய்லரைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. திறந்தால் தளமாகும், உள்ளே ஒரு கை, ரோலர் என்ற ஆறு சில்லு வண்டி. வீட்டில் வைக்க இடம் இல்லை. அலுமாரிக்கு மேலே கிடக்கிறது.

இனிக் குறை. போன மாரியில் வலது முழங்கையை மடக்கும்போது 'கீச்' என்றது. எண்ணெய் கேட்கிறது என்று நினைத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் மூட்டின் ஊசித் துளையைச் சுற்றி மயிரிழை அகலத்தில் ஒரு செம்பழுப்பு வளையம். உள்ளே இருக்கும் உருக்கு ஊசி துருப்பிடித்திருக்கிறது. துருப்பிடித்த இரும்பு ஊதும், ஊதினால் பிளாஸ்டிக் வெடிக்கும். எங்கள் வீட்டு பல்கனித் தூணில் கம்பி வீங்கிச் சீமெந்து பெயர்ந்ததும் இதே வித்தைதான்.

ஊசியை எப்படி மாற்றினேன் என்பதை நாளைக்கு எழுதுகிறேன். அதற்குள் திட்ட நினைப்பவர்கள் திட்டி முடிக்கலாம்.

---

பெட்டி_திறவாதவன் (தெஹிவளை)
சனி, இரவு 10.15

ஊசியை மாற்றினீர்களா? அண்ணை, அது மாஸ்டர்பீஸ்! என்னிடமும் எம்பி-10 இருக்கிறது. 2016இலிருந்து பெட்டியில், பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் துணி. ஒருநாளும் தொட்டதில்லை. கீச்சும் இல்லை, துருவும் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் இருநூறு ரூபாவைச் சுற்றி நின்றது, மே மாதம் முந்நூற்று அறுபதைத் தொட்டது. அந்த இரண்டு மாதத்தில் என் சேமிப்புக் கணக்கு கிட்டத்தட்டப் பாதியாகக் கரைந்தது, இந்தப் பெட்டி மட்டும் கரையவில்லை. உங்களுடையதை இனி யார் வாங்குவார்?

---

திருப்புளி (கொட்டாஞ்சேனை)
சனி, இரவு 10.32

> ஒருநாளும் தொட்டதில்லை. கீச்சும் இல்லை, துருவும் இல்லை.

தொடாமல் கீச் இல்லை என்று எப்படித் தெரியும் தம்பி?

---

சும்மா_வந்தவன்
சனி, இரவு 10.33

😂😂 முடிந்தது கதை.

---

எண்பதுகளின்_பிள்ளை (பம்பலப்பிட்டி)
சனி, இரவு 11.05

எனக்கு இப்போது ஐம்பது. மாமா ஒருவர் கப்பலில் வேலை செய்தார். 86இலோ 87இலோ சிங்கப்பூரிலிருந்து அந்தப் பழைய பிரைமைக் கொண்டுவந்தார். அதில் முஷ்டிகள் தனியாகக் கழன்று வரும். லொறியாக்க வேண்டுமானால் இரண்டு முஷ்டியையும் கழற்றி எங்காவது வைக்க வேண்டும். பத்துப் பதினொரு வயதுப் பிள்ளையிடம் 'எங்காவது வை' என்றால் என்ன நடக்கும்? முதல் கிழமையே ஒன்று போய்விட்டது. அம்மா அரிசி புடைக்கும்போது சுளகில் வந்தது. இரண்டாவது முறை போனது வரவே இல்லை. பிறகு நாலு வருடம் ஒற்றை முஷ்டிப் பிரைம்தான் எங்கள் தெரு முழுவதையும் காப்பாற்றினார்.

எம்பி-10இல் கை உள்ளேயே மடிந்து போவதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கண் கலங்கியது என்று சொன்னால் சிரிக்கக்கூடாது. தொழில்நுட்பம் எல்லாம் அப்புறம். முஷ்டி தொலையாது என்பதுதான் எனக்குப் பெரிது.

---

இரண்டு_வால்களின்_அம்மா (கொள்ளுப்பிட்டி)
ஞாயிறு, காலை 7.20

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மூத்தவனுக்கு எட்டு வயது, அடுத்த மாதம் பிறந்தநாள். புறக்கோட்டையில் இதே சிவப்பு நீல லொறி ஒன்று பார்த்தேன். இதைவிடப் பெரியது, பாரமும் அதிகம், விலையோ நான் கேள்விப்பட்டதில் கால்வாசிதான். வாங்கலாமா?

---

திருப்புளி (கொட்டாஞ்சேனை)
ஞாயிறு, காலை 8.02

தங்கச்சி, நீங்கள் பார்த்தது எம்பி-10ஐப் பெரிதாக்கிச் செய்த நகலாக இருக்கும். அடிக்கோல் கொண்டு போங்கள். ஓரடிக்கு மேல் நின்றால் சந்தேகமே வேண்டாம். நகல் என்றால் மூக்கைச் சுளிக்கிறவன் இல்லை நான், நாலைந்து திருத்தியிருக்கிறேன். உலோகம் கூட இருப்பதால் கையில் எடுத்ததும் 'அட' என்று தோன்றும். அந்தப் பாரம் முழுவதையும் தோளிலும் இடுப்பிலும் உள்ள அதே மூட்டுகள்தான் தாங்க வேண்டும். என்னிடம் வந்தவற்றில் பாதி, கையைத் தூக்கினால் மெல்ல மெல்ல இறங்கிவிடும் நோயோடுதான் வந்தன. பூச்சும் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

ஆனால் எட்டு வயதுக்கு இரண்டுமே வேண்டாம். அசல் பெட்டியிலேயே 15 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. அது பயமுறுத்தப் போட்டதல்ல. உருமாற்றத்தில் ஒழுங்கு மாறினால் ஏதோ ஒரு பலகை இன்னொன்றில் இடிக்கும், பிள்ளை இழுக்கும், அப்புறம் எனக்கு வேலை வரும். நாலைந்து அசைவில் மாறும் சின்னதாக ஒன்று வாங்குங்கள். ஒரே மத்தியானத்தில் நூறு முறை மாற்றுவான்.

---

இரண்டு_வால்களின்_அம்மா (கொள்ளுப்பிட்டி)
ஞாயிறு, காலை 8.15

நன்றி அண்ணா. இளையவள் எதையும் வாயில் வைப்பவள், அதையும் யோசிக்க வேண்டும். கடலுக்குப் பக்கத்தில்தான் நாங்களும். பிள்ளைகளின் பழைய பொம்மைப் பெட்டியைத் திறந்தால் சில பொம்மைகள் பிசுபிசு என்று ஒட்டுகின்றன. துருவைப் போல அதுவும் உப்புக்காற்றுத்தானா? பச்சரிசியைத் துணியில் கட்டிப் போட்டால் ஈரம் எடுக்கும் என்கிறார்களே?

---

கடற்கரை_லொறி (வெள்ளவத்தை)
ஞாயிறு, காலை 11.30

பிசுபிசுப்புக்கும் உப்புக்கும் சம்பந்தம் இல்லை அக்கா. மென்மையான பிவிசி பிளாஸ்டிக்கை வளைய வைக்க ஒருவித எண்ணெய் போன்ற பொருளைக் கலப்பார்கள். வருடக்கணக்கில், அதுவும் நம்முடைய வெக்கையில், அது மெல்ல வெளியே கசியும். காற்றுப்போகாத பெட்டியில் மூடி வைத்தால் கசிந்தது போக வழியில்லாமல் மேலேயே படிந்து ஒட்டும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். நகச்சாயம் அழிக்கும் திரவத்தை மட்டும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம், பூச்சோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கையும் கரைக்கும்.

பச்சரிசி வேண்டாம். நான் போட்டுப் பார்த்தேன். மூன்றாம் மாதம் ட்ரெய்லருக்குள்ளே வண்டு குடும்பம் நடத்தியது. புதுச் சப்பாத்துப் பெட்டியில் வருமே, சிலிக்கா மணிப் பொட்டலம், அதுதான் சரி. நிறம் மாறும் வகை என்றால் ஈரம் குடித்ததும் தெரிந்துவிடும், ஓவனில் சூடேற்றி மறுபடி பாவிக்கலாம். கொழும்பில் காற்று ஈரம் எண்பது சதவீதத்தில் நிற்பது சாதாரணம், அதனால் மாதம் ஒருமுறை சூடேற்ற வேண்டிவரும். பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

இனி ஊசிக்கதை.

முதலில் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். வாகன உதிரிப்பாகம் என்றால் அங்கே கிடைக்காதது இல்லை என்பது நம் ஊர் நம்பிக்கை. மூன்று கடையில் 'லொறிக்கு முழங்கை ஊசி' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நாலாவது கடையில் ஒரு பெரியவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'எந்த வருட மொடல்?' என்றார். 2011 என்றேன். 'புதுசுதானே' என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். அவரிடம் சிலிக்கோன் கிரீஸ் ஒரு சிறு டப்பா வாங்கிக்கொண்டேன். பிளாஸ்டிக் மூட்டுக்கு அதுதான் பாதுகாப்பு. பெற்றோலிய எண்ணெய்கள் சில பிளாஸ்டிக்கை நொய்ய வைக்கும்.

வழி பிறந்தது செட்டியார் தெருவில். மனைவியின் தோட்டுக்குத் திருகாணி மாற்றப் போயிருந்தோம். பத்தர் அரை மில்லிமீற்றர் கம்பியைச் சிமிட்டாமல் பிடித்திருந்ததைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. அடுத்த நாள் பிரைமைத் துவாயில் சுற்றிக்கொண்டு போனேன். அவர் சிரிக்கவில்லை. நகைக்காரர்கள் எதைப் பார்த்தும் சிரிக்கமாட்டார்கள் போல. வில்லையைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, தட்டும் பக்கம் எது என்று மட்டும் கேட்டார். ஊசியின் ஒரு முனையில் மெல்லிய வரிகள் இருக்கும், அந்த முனைதான் பிளாஸ்டிக்கைக் கவ்விப் பிடிக்கிறது. அதற்கு எதிர்முனையிலிருந்து தட்டினால் வரி உள்ள முனை முதலில் வெளியே வரும். மாற்றித் தட்டினால் அந்த வரி துளை முழுவதையும் உழுதுகொண்டு போகும். இதை நான் மூன்று வீடியோ பார்த்துப் படித்தேன். அவர் ஒரு பார்வையில் சொன்னார்.

ஊசி வந்தது. நடுவில் காய்ந்த கறுவாப்பட்டை நிறம், ஓரிடத்தில் தடித்திருந்தது.

'தங்கத்தில் போடுங்கள் ஐயா' என்று பகிடிக்குச் சொன்னேன்.

'தங்கம் மெத்து தம்பி, வளைந்துவிடும். பித்தளை போதும்.'

பித்தளைக் கம்பியைத் துளைத் தகட்டில் இரண்டு முறை இழுத்தார், வெட்டினார், முனையை அரத்தில் லேசாகக் கீறி வரி எடுத்தார், சின்னச் சுத்தியலால் நாலு தட்டு. நான் கிரீஸ் வைத்தேன். மொத்தம் இருபது நிமிடம், கூலி 600 ரூபா. வெளியே வரும்போது பின்னால் கேட்டார்: 'மற்றக் கை?'

மற்றக் கையும் செய்தாயிற்று. அதற்கு 500 தான் எடுத்தார்.

---

பெட்டி_திறவாதவன் (தெஹிவளை)
ஞாயிறு, பிற்பகல் 1.10

கதை நல்லாயிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் இப்போது அது எம்பி-10 இல்லை, எம்பி-10உம் செட்டியார் தெருவும். விற்கும்போது சொல்லுவீர்களா?

---

கடற்கரை_லொறி (வெள்ளவத்தை)
ஞாயிறு, பிற்பகல் 1.25

விற்கிற யோசனை இல்லை. விற்றால் பித்தளை என்று சொல்லித்தான் விற்பேன், பத்தருடைய தெருவையும் சேர்த்து எழுதுவேன். விலை கூட்டிக் கேட்பேன்.

---

சும்மா_வந்தவன்
ஞாயிறு, பிற்பகல் 1.40

நான் ஒன்றும் சேகரிப்பவன் இல்லை, சும்மா வாசிக்கிறேன். எம்பி-44 என்று ஒன்று வந்திருக்கிறதே, அது இன்னும் திறம் என்கிறார்களே? அதை விட்டுவிட்டுப் பழையதில் ஏன் இந்தப் பாடு?

---

எண்பதுகளின்_பிள்ளை (பம்பலப்பிட்டி)
ஞாயிறு, பிற்பகல் 2.30

எம்பி-44 2019இல் வந்தது. நண்பர் வீட்டில் ஒரு மாலை முழுக்கக் கையில் வைத்திருந்தேன். ரோபோவாக நின்றால் கார்ட்டூனிலிருந்து இறங்கி வந்தது போலத்தான், அதில் எம்பி-10 தோற்கும். ஆனால் மாற்றுவது கடிகாரம் திருத்துவது மாதிரி. விலையும் எட்டாத உயரம். எம்பி-10ஐத் தொலைபேசியில் கதைத்துக்கொண்டே மாற்றலாம் என்பதை கடற்கரைத் தம்பி ஏற்கனவே சொல்லிவிட்டார். தவிர, 2012இல் வந்த எம்பி-12 சிவப்புக் கார் முதல் அதற்குப் பிறகு வந்த கார்கள் எல்லாம் இந்தப் பிரைமுக்குப் பக்கத்தில் நிறுத்தும் அளவில்தான் செய்யப்பட்டன. என் அலுமாரியில் அளவுகோல் எம்பி-10தான், மற்றவர்கள் எல்லாம் அவரைப் பார்த்து நிற்கிறார்கள்.

கண்ணைப் பற்றி யாரும் எழுதவில்லை. வெளிச்சம் ஒன்றும் இல்லை, வெறும் நீலப்பூச்சு. ஆனால் தலையைக் கொஞ்சம் குனிய வைத்துப் பாருங்கள், எதிரே நிற்பவரின் சொல்லைக் கேட்பவர் போல இருக்கும். கார்ட்டூனில் பிரைமுக்குக் குரல் கொடுத்த பீற்றர் கலன் அந்தக் குரலைத் தன் அண்ணனை நினைத்துக் கொடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். 86இல் வந்த படத்தில் பிரைமைச் சாகடித்து உலகம் முழுக்கப் பிள்ளைகளை அழவைத்தார்கள், பிறகு 87இல் தொடரில் திருப்பிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அண்ணன்மாரை அப்படிச் சாகடிக்கக்கூடாது.

---

திருப்புளி (கொட்டாஞ்சேனை)
ஞாயிறு, பிற்பகல் 3.05

தெஹிவளைத் தம்பிக்கு ஒரு சொல், கோபிக்க வேண்டாம். இறப்பர் ரயரும் பிளாஸ்டிக்கும் வருடக்கணக்கில் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு இருந்தால், ரயரிலிருந்து கசிவது பிளாஸ்டிக்கை இளக்கி வடு போடும். பழைய விளையாட்டுக் கார்களில் ரயர் தட்டோடு ஒட்டிப் போனதைக் கண்டிருப்பீர்கள். உங்களுடையதோ பெட்டி, உறை, துணி என்று மூன்று மூடல். விற்பதானாலும் ஒருமுறை பார்த்துவிட்டு மூடுங்கள்.

---

பெட்டி_திறவாதவன் (தெஹிவளை)
ஞாயிறு, பிற்பகல் 3.20

வேண்டுமென்றே பயமுறுத்துகிறீர்கள்.

---

மட்டுறுத்துநர்
ஞாயிறு, மாலை 5.00

நகல் விற்கும் கடைகளின் பெயர், தொலைபேசி எண் கேட்டு எனக்கு நாலு தனிமடல் வந்துவிட்டது. இங்கே அது வேண்டாம். விற்பனைப் பகுதிக்கும் போக வேண்டாம். மற்றபடி இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

---

பெட்டி_திறவாதவன் (தெஹிவளை)
புதன், இரவு 11.48

திறந்துவிட்டேன்.

மூன்று நாள் நித்திரை இல்லை, அதனால்தான். ஒட்டுப்பட்டியைச் சவர அலகால் வெட்டும்போது கை நடுங்கியது. ரயர் வடு எதுவும் இல்லை, திருப்புளி அண்ணை நிம்மதியாக இருக்கலாம். துருவும் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் விளக்கத்தாள் முழுவதும் பூஞ்சணம், பெட்டியின் உட்பக்கத்திலும் புள்ளி புள்ளியாக. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இவ்வளவு காலம் புதுப்பெட்டி புதுப்பெட்டி என்று சொல்லிக்கொண்டு பூஞ்சணத்தை வளர்த்திருக்கிறேன்.

இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்து லொறியாக்கிவிட்டேன். மேசையில் ஓட்டியும் பார்த்தேன். இப்போது திரும்ப ரோபோவாக்க முடியவில்லை. விளக்கத்தாளில் அந்த இடத்தில்தான் பூஞ்சணம், மிச்சம் எல்லாம் யப்பான் எழுத்து. இடுப்புக்கு மேலே ஏதோ தடுக்கிறது. கொஞ்சம் பலமாக இழுக்கலாமா?

---

கடற்கரை_லொறி (வெள்ளவத்தை)
புதன், இரவு 11.50

இழுக்காதே!! அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படு. நாளைக்கு வேலை முடிந்து தெஹிவளை பஸ்ஸில் ஏறுகிறேன். கிரீஸ் டப்பாவையும் கொண்டுவருகிறேன்.